செரிகலனுக்கு ஒரு தாளிப்பு

சமையல் எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, அதன் நிறமின்மைக்கும் மணமின்மைக்கும் கொடுப்பது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கு நிறமும் மணமும்தான் அடையாளம். ரீஃபைண்ட் எண்ணெய்க்கோ அவை இல்லாமல் போவதே தகுதி. அப்படி நீக்கப்பட்டவை எங்கே போகின்றன என்று பாக்கெட் வாங்குபவர் யாரும் கேட்பதில்லை. அவை சுத்திகரிப்பு ஆலையின் பின்வாசல் வழியாகப் போகின்றன: கொஞ்சம் சோப்பு ஆலைக்கு, கொஞ்சம் செங்கல் சூளைக்கு, கொஞ்சம் எங்காவது ஒரு பள்ளத்துக்கு. இந்தக் கசடுகளை உயிரிவாயுவாக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரும் பொருள் இது என்பதால், எண்ணெய்க் கசடுக்கென்றே தனி உயிரிவாயு ஆலை கட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. உயிரிவாயு உண்டாகும் செரிகலனுக்குள் போட்டால் கலன் செத்துவிடும், கிட்டேயே கொண்டுவராதே என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. எண்ணெய்க் கசடு செரிகலனுக்குச் சோறு ஆகாது, தாளிப்பு ஆகும். அளந்து, பொறுத்து, வேறொரு கழிவோடு சேர்த்து இடுகிற வரைக்கும் அது பொன். அளவு மீறினால் நஞ்சு.

முதலில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வித்திலிருந்து பிழிந்த அல்லது கரைப்பானில் இறக்கிய கச்சா எண்ணெயில் பாஸ்போலிப்பிட் எனும் பசைப் பொருள், தனித்துத் திரியும் கொழுப்பு அமிலங்கள், நிறமிகள், உலோகத் துணுக்குகள், மணம் தரும் ஆவிப்பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்துப் பசையை எடுக்கிறார்கள். அதன்பின் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள்; அது தனிக் கொழுப்பு அமிலங்களைச் சோப்பாக மாற்றும். சுழல் இயந்திரத்தின் ஒரு குழாயில் எண்ணெயும் இன்னொரு குழாயில் பழுப்பு நிறக் குழம்பும் வெளிவரும். தொழிலில் சோப்பு ஸ்டாக் என்று சொல்லப்படும் இந்தக் குழம்பு, சோயா எண்ணெயில் கச்சாவின் எடைக்கு ஏறக்குறைய 6 சதவீதம் வரும். அதில் பாதியளவு தண்ணீர், மீதி சோப்பும் சோப்போடு மாட்டிக்கொண்டு வந்த நல்ல எண்ணெயும். அடுத்தது வெளுப்பு. பென்டோனைட் என்ற களிமண்ணை அமிலத்தில் பதப்படுத்திப் பொடியாக்கி, எண்ணெயின் எடையில் அரை முதல் 2 சதவீதம் வரை தூவி, வெற்றிடத்தில் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். நிறமிகள் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் கூடவே ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியைத் திறந்ததும் விழும் அந்தக் கரிய மண்ணில் 20 முதல் 40 சதவீதம் வரை எண்ணெய் இருக்கிறது. கடைசியாக, 240 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி மணத்தை நீக்கும்போது ஆவியாகிப் போனவற்றைக் குளிர்வித்துப் பிடிக்கிறார்கள். பாமாயில் ஆலைகளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா கட்டமே கிடையாது. கொழுப்பு அமிலமும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வெளியேறும். ஆகவே அங்கே சோப்பு ஸ்டாக் இல்லை, மண் அதிகம்.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயமல்ல. 2022-23 எண்ணெய் ஆண்டில் நாடு இறக்குமதி செய்த சமையல் எண்ணெய் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. நம் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலுமிருந்து பாமாயில், அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலுமிருந்து சோயா, கருங்கடல் பக்கத்திலிருந்து சூரியகாந்தி. இதில் பெரும்பகுதி கச்சாவாக வந்து இங்கே சுத்திகரிக்கப்படுகிறது. அரசும் அதைத்தான் விரும்புகிறது. 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய் மீதான அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது, கூடுதல் வரிகளையும் சேர்த்துக் கச்சாவுக்கு 16.5 சதவீதம், சுத்திகரித்ததற்கு 35.75 சதவீதம் என்று பெரிய இடைவெளி உண்டானது. உள்நாட்டு ஆலைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் கணக்கில் எழுத வேண்டும். கச்சாவை வரவழைக்கும்போது எண்ணெயோடு அதன் கசடையும் சேர்த்தே வரவழைக்கிறோம். அதை எங்கே வைப்பது என்பது ஏற்றுமதி செய்த நாட்டின் கவலையாக இருந்தது. வரி இடைவெளி விரிய விரிய, காண்ட்லா முதல் காக்கிநாடா வரையிலான துறைமுக ஊர்களின் கவலையாக மாறிக்கொண்டிருக்கிறது. சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தக் கசடில் எவ்வளவு வாயு ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஒரு பொருளின் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எண்ணிக்கை தெரிந்தால் அது முழுக்கச் செரித்தால் எவ்வளவு மெத்தேன் தரும் என்று கணக்கிடும் சூத்திரத்தை ஆர்தர் பஸ்வெல்லும் அவரது சகாக்களும் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். கொழுப்பு அமிலமான ஒலீயிக் அமிலத்தை அதில் போட்டால், கிலோவுக்கு ஏறத்தாழ 1 கன மீட்டர் மெத்தேன். குளுக்கோஸைப் போட்டால் 0.37 கன மீட்டர். கொழுப்பிலிருந்து வரும் வாயுவில் மெத்தேன் 70 சதவீதம். சர்க்கரையிலிருந்து வருவதில் பாதிதான். இனி நம் வழக்கமான மூலப்பொருளுக்கு வருவோம். பச்சைச் சாணம் ஒரு கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் உயிரிவாயு தரும் என்பது கிராமத்துச் சாண எரிவாயுக் கலன்களைக் கட்டுபவர்கள் எல்லாரும் கைக்கொள்ளும் கணக்கு. அதில் மெத்தேன் 23 லிட்டர் அளவு. கொழுப்பு நடைமுறையில் முழுக்கச் செரிக்காது, 70 சதவீதம்தான் வாயுவாகும் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 700 லிட்டர் மெத்தேன். சாணத்தைப்போல் முப்பது மடங்கு. ஒரு கன மீட்டர் மெத்தேனில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் டீசலுக்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் கனம் புரியும்.

இவ்வளவு இருந்தும் எண்ணெயைக் கலனில் கொட்டியவர்கள் பலமுறை கையைச் சுட்டுக்கொண்டார்கள். காரணம் வேதியியலில் இல்லை, உயிரியலில் இருக்கிறது. கொழுப்பு கலனுக்குள் போனதும் கிளிசராலாகவும் நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகவும் சீக்கிரமே உடைந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. சின்ட்ரோஃபோமோனாஸ் போன்ற பாக்டீரியங்கள் அந்த நீண்ட சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி அசிடேட்டும் ஹைட்ரஜனும் ஆக்குகின்றன. இந்த வேலையில் அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் அற்பம். சுற்றிலும் ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் வினை நின்றுவிடும். ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மெத்தேனாக்கும் நுண்ணுயிர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் பிழைக்க முடியாத கூட்டுக் குடித்தனம் இது. இந்தக் குடித்தனத்தின் மேல் கொழுப்பு அமிலம் போர்வைபோலப் படர்ந்துவிடுகிறது: செல்லின் மேலுறையில் ஒட்டி, உணவு உள்ளே போகவும் வாயு வெளியே வரவும் வழியை அடைக்கிறது. கொழுப்பு ஒட்டிய நுண்ணுயிர்த் திரள்கள் எடை குறைந்து மேலே மிதந்து, கலனின் வாய்வழியாக வெளியேறியும் விடுகின்றன. மேலே பாலாடை மாதிரி ஒரு பரப்பு கட்டும், வாயு குறையும், புளிப்பு ஏறும், ஒரு வாரத்தில் கலன் படுத்துவிடும்.

இந்தப் படுப்பு நிரந்தரமா என்பதுதான் ஆய்வாளர்களிடையே நீண்ட நாள் கேள்வி. டென்மார்க்கில் இரினி ஆங்கெலிடாகியும் பிர்கிட்டே ஆரிங்கும் 1992இல் வெளியிட்ட ஆய்வு கடுமையான பதிலைச் சொன்னது. லிட்டருக்கு 0.2 கிராம் ஒலியேட்டிலேயே பாதிப்பு தொடங்குகிறது. பாதிக்கப்பட்ட நுண்ணுயிர்களை எடுத்து நீர்க்கச் செய்தாலும் அவை மறுபடி வளரவில்லை. இது ஒரு தலைமுறைப் பொறியாளர்களை எண்ணெயிடமிருந்து விலக்கி வைத்தது. பிறகு போர்ச்சுகலின் மினோ பல்கலைக்கழகத்தில் அல்சினா பெரெய்ரா, மதலேனா ஆல்வெஸ் குழுவினர் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். கொழுப்பு ஏறி மூச்சுத் திணறிக் கிடக்கும் நுண்ணுயிர்த் திரளுக்கு மேலும் ஊட்டாமல் சும்மா விட்டால் என்ன ஆகும்? சில நாள் ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் ஒட்டிக்கொண்டிருந்த பால்மிடிக் அமிலம் கரைந்து மெத்தேனாக வெளிவரத் தொடங்கியது. எல்லாம் தீர்ந்தபின் அந்தத் திரளின் செயல்திறன் முன்பிருந்ததைவிடக் கூடியிருந்தது. ஆக, செத்துப்போனது என்று தள்ளிய கலன்களில் பல பட்டினி போட்டிருந்தால் எழுந்திருக்கக்கூடியவை. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னதில் நுண்ணுயிர்கள் உயர்வெப்பத்தில், சோதனைக் குடுவையில், கரைசலாக வந்த அமிலத்தை நேருக்கு நேர் சந்தித்தன. பின்னதில் அவை திரளாக, ஒன்றுக்கொன்று அண்டையாக இருந்தன. தொழிலுக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: கொஞ்சமாக இடு, இடைவெளி விடு, திரளை வெளியேற விடாதே.

இங்கேதான் வெளுப்பு மண்ணின் கதை சுவையாகிறது. ஆங்கெலிடாகியின் குழு தன் 1992 ஆய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1990இல், இன்னொன்றைக் கண்டிருந்தது: கொழுப்பு ஏறிய கலனில் பென்டோனைட் களிமண்ணைச் சேர்த்தால் பாதிப்பு குறைகிறது. களிமண் கொழுப்பு அமிலத்தைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொண்டு, நுண்ணுயிர் தாங்கும் அளவில் மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கிறது. எண்ணெய் ஆலையின் வடிகட்டியிலிருந்து விழும் கரிய மண் என்ன மண்? அதே பென்டோனைட்தான். நஞ்சும் மாற்றும் ஒரே பொட்டலத்தில் கட்டி வருகின்றன. டென்மார்க்கில் விவசாயிகள் கூட்டாக நடத்தும் உயிரிவாயு ஆலைகள் இதை வெறும் கண்டுபிடிப்பாக விடவில்லை. பன்றிச் சாணமும் மாட்டுச் சாணமும் மட்டும் போட்டால் கட்டுப்படியாகாத அந்த ஆலைகளுக்கு, எண்ணெய்த் தொழிலிலிருந்து வரும் எண்ணெய் ஊறிய பென்டோனைட் ஒரு விருப்பமான கூட்டுப்பொருள் ஆயிற்று. நம்மூர் ஆலைகள் இதே மண்ணைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துகின்றன.

அப்புறப்படுத்துவதிலும் அபாயம் இருக்கிறது. வடிகட்டியிலிருந்து சூடாக விழும் இந்த மண்ணைக் குவித்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது தானாகவே புகையும். காற்றில் ஆறவிட்ட துணிபோல, மண்ணின் ஒவ்வொரு துகளிலும் எண்ணெய் மெல்லிய படலமாக விரிந்து கிடக்கிறது. சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் நிறைவுறாக் கொழுப்பு அந்தப் பெரும் பரப்பில் ஆக்சிஜனோடு கூடிச் சூடேறுகிறது. குவியலின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நெருப்பாகிறது. தீக்குச்சி வேண்டாம். அதனால்தான் பல ஆலைகளில் இதன்மேல் தண்ணீர் தெளித்து, பரப்பி, சீக்கிரம் லாரி ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். நிலத்தில் கொட்டினால் மழைநீர் இறங்காத எண்ணெய்ப் பாய் விரிகிறது. காற்றில்லாத செரிகலன் இந்த நெருப்புக்கும் இயல்பான தடை: ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்த வினையே நடக்காது.

இனி மறுப்புகள். முதலாவது, பொருளாதாரம் சார்ந்தது, வலுவானதும்கூட. எண்ணெய் ஆலையில் வீண் என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். பெரும்பாலும் சரி. மணநீக்கத்தில் பிடிபடும் வடிபொருளில் வைட்டமின் ஈயும் ஸ்டெரால்களும் செறிந்திருக்கின்றன. சோயா ஆலைகள் அதை மருந்துத் தொழிலுக்கு நல்ல விலைக்கு விற்கின்றன. பாமாயிலின் கொழுப்பு அமில வடிபொருள் சோப்புக்கும் ஒலியோகெமிக்கல் தொழிலுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகிறது. சோப்பு ஸ்டாக்கில் கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்தால் வரும் ஆசிட் ஆயிலைச் சலவைச் சோப்புக்காரர்களும் பயோடீசல்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றை எரிவாயுவாக்குவது சந்தனக் கட்டையை அடுப்பில் வைப்பதுதான். அப்படிச் செய்யச் சொல்வது என் நோக்கமல்ல. உயிரிவாயுவுக்கு உரியது ஏணியின் கடைசிப் படி: வெளுப்பு மண், சோப்பைப் பிரித்தபின் மிஞ்சும் நீர், கழுவு நீர்த் தொட்டியில் மிதக்கும் கொழுப்பு ஏடு, ஆளில்லாத சின்ன ஆலையின் சோப்பு ஸ்டாக். சந்தை எடுத்துக்கொள்ளாததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால் இந்த மறுப்பு தானே விழுந்துவிடும். இல்லாவிட்டால் இந்த மறுப்பே வெல்லும்.

இரண்டாவது மறுப்பு: கலன், நுண்ணுயிர் என்று சுற்றிவளைப்பானேன், நேராகக் கொதிகலனில் போட்டு எரித்துவிடலாமே? மண்ணை எரித்தால் மூன்றில் இரண்டு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைச் சிமென்ட் ஆலையின் பெருஞ்சூளை தாங்கும், ஆலைக்குள் இருக்கும் சாதாரணக் கொதிகலன் தாங்காது. சோப்பு ஸ்டாக்கில் பாதி தண்ணீர் என்பதால் எரியும் வெப்பத்தில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அதிலுள்ள சோடியம் உருகிக் குழாய்களில் கண்ணாடிபோல் படியும். மண்ணிலிருந்து ஹெக்சேன் கொண்டு எண்ணெயை மீட்கலாம், நடக்கிற தொழில்தான். ஆனால் எரியும் கரைப்பானைக் கையாளும் செலவும் அபாயமும் பெரிய அளவில்தான் ஈடுகட்டும். மீளும் எண்ணெயும் கறுத்துக் காறிப்போனதாக இருக்கும். பக்கத்தில் சிமென்ட் ஆலை இருக்கும் எண்ணெய் ஆலைக்கு எரிப்பதே மேல் என்றால் நான் வாதாட மாட்டேன். ஈரமானதும் உப்பு மிகுந்ததும் சிதறிக் கிடப்பதுமான கசடுக்குத்தான் உயிரிவாயு பொருந்தும். கிடைக்கும் வாயுவையும் அங்கேயே கொதிகலனில் எரித்தால் கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் செலவுகூட இல்லை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சோப்பு ஸ்டாக்கைப் பிரிக்க ஊற்றிய கந்தக அமிலம் முழுக்கச் சல்ஃபேட்டாக நீரில் தங்கிவிடுகிறது. சல்ஃபேட் நிறைந்த நீர் செரிகலனுக்குள் போனால் சல்ஃபேட்டை உண்ணும் பாக்டீரியம் முந்திக்கொள்ளும். ஒரு கிலோ சல்ஃபேட் அப்படிக் கரைந்தால், 0.23 கன மீட்டர் மெத்தேன் ஆகியிருக்க வேண்டிய உணவு பறிபோகிறது. பதிலுக்கு 350 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு இயந்திரத்தை அரிப்பது ஒரு பக்கம், தொட்டியில் இறங்குகிறவர் உயிரைப் பறிப்பது இன்னொரு பக்கம். இரும்பு உப்பு போட்டுக் கந்தகத்தைக் கட்டலாம், கொஞ்சம் காற்றை விட்டுக் கந்தகப் பொடியாக்கலாம், எல்லாம் செலவு. என் பார்வையில் தீர்வு கலனில் இல்லை, ஆலையின் முன்பகுதியில் இருக்கிறது. பசை நீக்க நொதிகளைப் பயன்படுத்தினால் கசடே குறையும். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்தால், சோடியம் ஏறிக் கலன் திணறும் தொல்லை போவதோடு, செரித்தபின் கலனிலிருந்து வெளிவரும் சாறு பொட்டாசியம் நிறைந்த உரமாகவும் ஆகும். பொட்டாஷ் விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் கசடை அப்புறப்படுத்தும் செலவும் உரத்தின் விலையும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படாத வரை அந்தக் கூடுதல் பெரிதாகவே தெரியும்.

அளவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் மிகைப்பேச்சு அதிகம். ஆண்டுக்கு 1 கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது, 1 சதவீதம் மண் தூவப்படுகிறது, விழும் மண்ணில் 30 சதவீதம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். மண்ணோடு போகும் எண்ணெய் 43 ஆயிரம் டன். அதில் 70 சதவீதம் செரித்தால் 3 கோடி கன மீட்டர் மெத்தேன், எடையில் 21 ஆயிரம் டன்னுக்குச் சற்று மேல். 2018 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சதத் திட்டம் 2023க்குள் 5,000 ஆலைகள் கட்டி ஆண்டுக்கு 1.5 கோடி டன் அழுத்த உயிரிவாயு எடுப்போம் என்றது. கெடு முடிந்தபோது இலக்கின் அருகில்கூட வரவில்லை என்பது வேறு கதை. அந்த இலக்கோடு ஒப்பிட்டால் வெளுப்பு மண் தருவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. சோப்பு நீரையும் ஏடுகளையும் சேர்த்தாலும் கதை பெரிதாக மாறாது. நாட்டின் எரிசக்தியைத் தூக்கி நிறுத்தும் சரக்கு இதில் இல்லை.

ஆனால் ஒரு தனிக் கலனின் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. நாளுக்கு 100 டன் பச்சைச் சாணம் போடும் கலன் 2,300 கன மீட்டர் மெத்தேன் தருகிறது. அதில் 2 டன் வெளுப்பு மண்ணைச் சேர்த்தால் 600 கிலோ எண்ணெய் உள்ளே போகிறது. 420 கன மீட்டர் கூடுகிறது. எடையில் 2 சதவீதம் சேர்த்ததற்கு வாயுவில் 18 சதவீதம் ஏற்றம். செரிக்கும் கரிமப் பொருளில் எண்ணெயின் பங்கு 4 சதவீதத்தைத் தொடவில்லை. கொழுப்புக் கூட்டுச் செரிப்பில் பல ஆய்வுகள் 30 சதவீதம் வரை தாங்கும் என்கின்றன. தாளிப்பு என்று நான் சொன்னது இதைத்தான். ஏற்றுகூலியும் இங்கே தடையாகாது. சென்னையிலிருந்து நாமக்கல் போய்வர 750 கிலோமீட்டர் என்று வைத்து, லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 190 லிட்டர் டீசல். பத்து டன் வெளுப்பு மண் 2,100 லிட்டர் டீசலுக்கு நிகரான வாயுவைக் கொண்டு சேர்க்கும். அதே லாரியில் சாணத்தை ஏற்றியிருந்தால் கிடைப்பது 230 லிட்டர். வழியிலேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். சாணம் ஊரைத் தாண்டக்கூடாத பொருள். எண்ணெய்க் கசடு மாவட்டம் தாண்டலாம்.

நாமக்கல்லைச் சும்மா சொல்லவில்லை. முட்டைக்குப் பெயர்போன அந்த மாவட்டத்தில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. புதுச்சத்திரத்தில் இத்தகைய கழிவுகளிலிருந்து அழுத்த உயிரிவாயு எடுக்கும் ஆலையும் எழுந்திருக்கிறது. கோழி எருவின் தொல்லை நைட்ரஜன். அது அமோனியாவாகி மெத்தேன் நுண்ணுயிர்களை முடக்கும். எண்ணெயில் நைட்ரஜனே கிடையாது, கார்பன்தான் மிகுதி. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். முட்டைக் கோழிக்கு ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்பு கலந்த தீவனம் போடுவதால் அதன் எருவில் கால்சியம் மிகுதி. கால்சியம் கொழுப்பு அமிலத்தைக் கரையாத சோப்பாகக் கட்டி அதன் நஞ்சைத் தணிக்கும், கூடவே செரிமானத்தையும் தாமதப்படுத்தும். இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது கலவை விகிதத்தைப் பொறுத்தது. அதைச் சோதனைக் கலனில் ஓட்டித்தான் சொல்ல முடியும். சென்னையிலேயே இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களில் குடிநீர் வாரியம் கசடைச் செரிக்க வைத்து வாயு எடுத்து மின்சாரம் உண்டாக்கிவருகிறது. கலனும் இயந்திரமும் ஏற்கெனவே நிற்கின்றன. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள கழிவுநீர் நிலையம் இதே மாதிரி உணவகக் கொழுப்பையும் உணவுக் கழிவையும் லாரியில் வாங்கித் தன் கலன்களில் சேர்த்தது. 2012இல் தனக்கு வேண்டியதைவிட அதிக மின்சாரம் உற்பத்தி செய்த வட அமெரிக்காவின் முதல் கழிவுநீர் நிலையம் என்ற பெயரைப் பெற்றது.

கழிவுநீர்க் கலன்களில் மண்ணைப் போட்டால் அடியில் வண்டல் சேராதா, பம்புகள் தேயாதா என்று பொறியாளர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பென்டோனைட் செரிக்காது, எங்கும் போகாது. நாளுக்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் நிறுத்தி, நன்கு கலக்கும் அமைப்புள்ள கலன்களில் மட்டும் இட்டால் பெரும்பகுதி சாறோடு வெளியேறிவிடும். அடியில் தூர் வாரும் இடைவெளி குறையும் என்பதை ஒப்புக்கொண்டே திட்டமிட வேண்டும். சாறு வயலுக்குப் போவதாக இருந்தால் இன்னொரு கட்டுப்பாடு: வனஸ்பதி ஆலைகளில் எண்ணெயைக் கெட்டிப்படுத்த நிக்கல் வினையூக்கி சேர்க்கிறார்கள், அந்த வரிசையிலிருந்து வரும் மண்ணில் நிக்கல் இருக்கக்கூடும், அதை உள்ளே விடவே கூடாது. ஒவ்வொரு லாரிக்கும் எண்ணெய் அளவு, நிக்கல், சல்ஃபேட் என மூன்று சோதனை போதும்.

2025-26இல் நகர எரிவாயு நிறுவனங்கள் தாம் விற்கும் வாயுவில் 1 சதவீதம் உயிரிவாயு கலக்க வேண்டும் என்பது விதி. 2028-29 முதல் அது 5 சதவீதம். இந்தக் கட்டாயம் வாயுவுக்குச் சந்தையை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் நம் திட்டங்கள் இன்னும் புதிய ஆலை கட்டினால்தான் மானியம் என்ற அச்சிலேயே ஓடுகின்றன. இருக்கும் கலனில் எதைச் சேர்த்து வாயுவைக் கூட்டலாம் என்று யோசிப்பவருக்கு அதில் இடமில்லை. கொடுங்கையூரில் ஒரு கலனில் மட்டும் ஆறு மாதம் வெளுப்பு மண்ணைச் சேர்த்து, பக்கத்துக் கலனைப் பழையபடியே ஓட்டி, இரண்டின் வாயு அளவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவையும் மாதந்தோறும் பொதுவில் வெளியிடலாம். இதற்குப் புதிய கலன் ஒன்றும் வேண்டாம். குடிநீர் வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.